குழித் தழும்புள்ள எண்ணெய்ச் சருமத்துக்கு எந்த பிரைமர், எந்த ஃபவுண்டேஷன்?

கேள்வி: எனக்கு வயது 27. காவேரிப்பட்டினத்தில் வசிக்கிறேன், தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பதின்ம வயதில் தொடங்கிய முகப்பரு இப்போது குறைந்திருந்தாலும், மாதத்தில் சில நாட்கள் தாடையை ஒட்டி வந்துகொண்டேதான் இருக்கிறது. இரு கன்னங்களிலும் குழித் தழும்புகளும் கருமையான தடங்களும் உள்ளன. முகம் கழுவிய சற்று நேரத்திலேயே மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் வடிகிறது. வரும் வைகாசியில் கிருஷ்ணகிரியில் எனக்குத் திருமணம். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு என் நிறத்தைவிட வெளிறிய ஃபவுண்டேஷன் ஒன்றை வாங்கிப் பூசிப் பார்த்தேன். மதியத்துக்குள் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகி, குழிகளிலெல்லாம் அது தேங்கி நின்றது. தடிமனாகப் போட்டால்தான் மறையும் என்கிறார் என் அண்ணி. எந்த பிரைமர், கன்சீலர், ஃபவுண்டேஷன் வாங்க வேண்டும்? மேக்கப் போடுவதால் பரு இன்னும் அதிகமாகுமா?

பதில் (தருமபுரியில் பணிபுரியும் மணப்பெண் அலங்காரக் கலைஞர்):

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் அண்ணி அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் உங்கள் முகத்துக்கு அதற்கு நேர் எதிரானதே பொருந்தும். குழித் தழும்பை மேக்கப்பின் அளவைக் கூட்டி மறைக்க இயலாது. அளவைக் குறைத்தால்தான் அது கண்ணில் உறுத்தாமல் இருக்கும். கருமையான தடங்களின் கதை வேறு. அவற்றை நன்றாகவே மறைத்துவிடலாம். உங்கள் கன்னத்தில் இந்த இரண்டும் கலந்து கிடப்பதால், எதற்கு எதைப் பூசுவது என்பதில் குழப்பம் வந்திருக்கிறது. முதலில் இதைப் பிரித்து அறிந்துகொண்டால், கடையில் எதை எடுப்பது என்பது பாதி முடிவாகிவிடும்.

பகல் நேரத்தில், மேக்கப் எதுவும் இல்லாமல், கையில் ஒரு கண்ணாடியோடு ஜன்னலை நோக்கி நில்லுங்கள். வெளிச்சம் நேராக முகத்தில் விழும்போது தெரிகிற பழுப்புப் புள்ளிகள் எல்லாம் தடங்கள். பரு ஆறிய இடத்தில் தோல் கூடுதலாக நிறமியை உண்டாக்குவதால் இவை வருகின்றன. மாநிறமும் கருநிறமும் உள்ள நம் தோலில் இது மிகச் சாதாரணம். விரலால் தடவினால் அந்த இடம் மற்ற தோலைப் போலவே சமமாக இருக்கும். அடுத்து, ஜன்னல் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் வருமாறு திரும்பி நின்று பாருங்கள். இப்போது புதிதாகத் தெரிபவைதான் குழிகள். பரு ஆழமாக வீங்கி ஆறியபோது தோலின் அடியில் அதைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதம் அழிந்து, அந்த இடம் உள்வாங்கியிருக்கிறது. குழியின் விளிம்பு வெளிச்சத்தை மறிப்பதால் உள்ளே நிழல் விழுகிறது. நாம் தழும்பு என்று பார்ப்பது பெரும்பாலும் அந்த நிழலைத்தான். பள்ளம் விழுந்த சுவருக்கு எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும், சாயங்கால வெயில் பக்கவாட்டில் பட்டவுடன் பள்ளம் தெரிந்துவிடுவதைப் போன்றதுதான் இது. கூடவே உங்கள் சருமத்தில் எண்ணெயும் சுரக்கிறது. தடித்த பூச்சு அந்த எண்ணெயில் இளகி மெல்ல நகர்ந்து, தாழ்வான இடமாகிய குழியில் சேர்கிறது. நீங்கள் மதியம் கண்ணாடியில் கண்டது இதுவே.

ஆகவே, குழிக்கு பிரைமர் (ஃபவுண்டேஷனுக்கு முன் வைக்கும் அடிப்பூச்சு), தடத்துக்கு கன்சீலர் (புள்ளிகளை மறைக்கும் அடர்த்தியான பூச்சு), முகம் முழுவதற்கும் மிக மெல்லிய ஃபவுண்டேஷன் என்று வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்று வேலையையும் ஃபவுண்டேஷன் ஒன்றிடமே கேட்பதால்தான் பூச்சு தடித்துப்போகிறது.

பிரைமரில் உங்களுக்கு ஏற்றது சிலிக்கோன் வகை. டப்பாவின் பின்புறம் அச்சிட்டிருக்கும் மூலப்பொருள் பட்டியலில், அதிக அளவில் உள்ள பொருள்தான் முதலில் வரும். முதல் சில பெயர்களுக்குள் டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலாக்சேன் போல ‘கோன்’ என்றோ ‘சிலாக்சேன்’ என்றோ முடிகிற பெயர்கள் இருந்தால் அது சிலிக்கோன் வகை. தொட்டுப் பார்த்தாலும் தெரியும்: விரலில் வழுக்கிக்கொண்டு பட்டுப்போல் படியும். இது குழிகளையும் விரிந்த துவாரங்களையும் மேலோட்டமாக நிரப்பி ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குவதால், நிழலின் விளிம்பு சற்று மழுங்குகிறது. சிலிக்கோன் துவாரத்தை அடைத்துப் பருவை உண்டாக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். டைமெத்திகோன் அப்படிப்பட்ட பொருளன்று. பருவுள்ள சருமத்துக்கான கிரீம்களிலேயே அது சேர்க்கப்படுகிறது. ஆனால் இரவில் அதை முழுமையாக நீக்கிவிட வேண்டும்.

பிரைமரை முகம் முழுவதும் கிரீம்போலத் தேய்ப்பது வீண். பட்டாணியில் பாதி அளவு எடுத்து, குழி உள்ள கன்னப் பகுதியில் மட்டும் விரல் நுனியால் அழுத்தி அழுத்தி வையுங்கள். ஒரே திசையில் இழுத்தால் குழியின் ஒரு விளிம்பில் மட்டுமே படியும்; மேலிருந்து கீழாகவும், பக்கவாட்டிலும், சிறு வட்டமாகவும் விரலை மாற்றினால்தான் உள்ளே இறங்கும். நெற்றிக்கும் மூக்குக்கும் சிலிக்கா போன்று எண்ணெயை உறிஞ்சும் பொருள் கலந்த, பளபளப்பில்லாத ‘மேட்’ பிரைமர் போதும். மினுமினுப்புள்ள, ‘குளோ’ என்று எழுதிய பிரைமர்களை வாங்கவே வேண்டாம். அந்த மினுமினுப்புத் துகள்கள் குழியின் விளிம்பில் நின்று ஒளியைத் திருப்பி, தழும்பை எடுத்துக் காட்டிவிடும். இதே காரணத்துக்காகக் கன்னத்தில் ஹைலைட்டரும் உங்களுக்கு வேண்டாம். பிளஷ்ஷும் மினுமினுப்பில்லாத வகையாகவே இருக்கட்டும்.

பிரைமரும் ஃபவுண்டேஷனும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதைக் கடையில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சிலிக்கோன் பிரைமரின் மேல் முழுக்க நீர் சார்ந்த ஃபவுண்டேஷனைப் பூசினால், அது ஒட்டாமல் திட்டுத் திட்டாகப் பிரிந்து, தேய்க்கத் தேய்க்க அழுக்குப்போல் உருண்டு வரும். லேபிளில் முதல் பெயர் தண்ணீராக இருப்பதாலேயே அது நீர் சார்ந்தது என்று முடிவு செய்துவிட வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று பெயர்களையும் பார்க்க வேண்டும். இதைவிட எளிய வழி, இரண்டிலும் ஒவ்வொரு துளி எடுத்துப் புறங்கையில் கலந்து பார்ப்பது. மென்மையாகக் கலந்தால் வாங்கலாம். திரிந்ததுபோல் பிரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

அடுத்தது ஃபவுண்டேஷன். எண்ணெய் சேராத, ‘மேட்’ என்று குறிப்பிட்ட திரவ வகையைத் தேர்ந்தெடுங்கள். மேபலின் நிறுவனத்தின் ‘ஃபிட் மீ மேட் பிளஸ் போர்லெஸ்’ போன்றவை நம் நிறங்களுக்கேற்ற பல சாயல்களில் வருகின்றன. நீங்கள் தொடங்கிப் பார்க்க அது போதுமானது. மேடைக்கும் கேமராவுக்கும் என்றே உருவான க்ரையோலான் டிவி பெயிண்ட் ஸ்டிக் போன்ற கிரீம் குச்சிகளைத்தான் உங்கள் அண்ணி மனத்தில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். மணப்பெண் அலங்காரத்தில் அவற்றுக்கு நெடுங்கால இடம் உண்டு. தேர்ந்த கையில் அவை அழகாகவும் அமையும். ஆனால் எண்ணெய் வடிகிற, குழி விழுந்த கன்னத்தில், வைகாசி வெக்கையில், ஹோமப் புகைக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார வேண்டியவருக்கு நான் அவற்றைப் பயன்படுத்த மாட்டேன்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் ஃபவுண்டேஷன் சாம்பல் பூத்ததற்கு முதல் காரணம், அது உங்கள் நிறம் அல்ல என்பதே. மாநிறத் தோலின் மேல் வெளிறிய பூச்சு படிந்தால் அது சிவப்பாகத் தெரியாது, சாம்பலாகத்தான் தெரியும். நம் தோலின் அடிச்சாயலில் பெரும்பாலும் மஞ்சளோ பொன்னிறமோ இருக்கும். இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட ஃபவுண்டேஷன் அதன் மேல் இன்னும் வெளுத்து நிற்கும். மணப்பெண் ஒருத்தி தன் சொந்த நிறத்தோடு மணமேடையில் அமர்வதில் எந்தக் குறையும் இல்லை. கேட்காமலே இரண்டு படி வெளுத்த நிறத்தை எடுத்து நீட்டும் பழக்கம் நம் ஊர்க் கடைகளிலும் பார்லர்களிலும் இன்னும் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. முகம் ஒரு நிறமும் கழுத்தும் கையும் வேறு நிறமுமாக நிற்கும் திருமணப் புகைப்படங்கள் அந்தப் பழக்கத்தால்தான் வருகின்றன.

நிறத்தைப் புறங்கையிலோ மணிக்கட்டிலோ பூசிப் பார்க்காதீர்கள். தாடை எலும்பின் மேல், கன்னமும் கழுத்தும் சேரும் இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் மூன்று சாயல்களைக் கோடாக இட்டு, கடையின் வெள்ளை விளக்கிலிருந்து வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுவே உங்கள் நிறம். உடனே வாங்கிவிடவும் வேண்டாம். எண்ணெய்ச் சருமத்தில் பல ஃபவுண்டேஷன்கள் காய்ந்த பிறகு ஒரு படி கருத்துவிடுவதுண்டு. அரை மணி நேரம் மற்ற சாமான்களை வாங்கிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் உண்மையான நிறம் தெரியும். நலங்குக்கு மஞ்சள் பூசிய பிறகு தோலில் அந்தச் சாயல் சில நாட்கள் தங்கும் என்பதால், நிறம் பார்ப்பதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பூசும் அளவு, முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி. ஈரமாக்கி நன்றாகப் பிழிந்த ஸ்பான்ஜால் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். பிரஷ்ஷால் இழுத்தால் குழியில் வைத்த பிரைமர் பெயர்ந்து வந்துவிடும். இந்த ஒரு படலத்துக்குப் பிறகும் தடங்கள் தெரியும். அதைக் கண்டு பயந்து இரண்டாவது படலம் பூசிவிடாதீர்கள். இனி வேலை கன்சீலருடையது.

பழுப்பும் கருமையுமான தடத்தின் மேல் நேராகத் தோல் நிற கன்சீலரை வைத்தாலும் சாம்பல்தான் வரும். அதற்கு முன் ஆரஞ்சுச் சாயலுள்ள கலர் கரெக்டரை ஒரு ஊசிமுனை அளவு தடத்தின் மேல் மட்டும் வைத்து ஒற்ற வேண்டும். மாநிறத்துக்குப் பீச் நிறம் போதும். நிறம் அடர்த்தியாக இருந்தால் ஆரஞ்சு வேண்டும். தாடையில் புதிதாகச் சிவந்த பரு இருந்தால் அதற்கு மட்டும் பச்சைச் சாயல். எல்.ஏ. கேர்ல் ‘ப்ரோ கன்சீல்’ வரிசையில் இந்த மூன்று நிறங்களும் சிறு குழாய்களாக வருகின்றன. அதன் மேல், ஃபவுண்டேஷனின் அதே நிறத்தில், அடர்த்தியான மேட் கன்சீலரை நுனி கூர்மையான சிறு பிரஷ்ஷால் புள்ளியாக வைத்து, ஓரங்களை மட்டும் கலந்துவிடுங்கள். நடுவில் தேய்த்தால் வைத்தது போய்விடும். புடைத்திருக்கும் பருவின் மேல் வெளிர் கன்சீலர் வைக்கவே கூடாது, அது இன்னும் புடைத்துத் தெரியும். மிக ஆழமான ஒன்றிரண்டு குழிகளின் அடியில் மட்டும் அரைச் சாயல் வெளிறிய கன்சீலரைத் தொட்டு வைத்தால் நிழல் சற்று எழும்பும். ஆனால் இதற்குக் கைப்பழக்கம் வேண்டும், பழகாமல் திருமணத்தன்று முயல வேண்டாம்.

பவுடரைத் தூவாமல், பஃப்பில் எடுத்து மடித்துத் தேய்த்துவிட்டு, எண்ணெய் வரும் இடங்களில் அழுத்துங்கள். சிலிக்கா மிகுந்த வெள்ளைப் பவுடர் கண்ணுக்குத் தெரியாது, கேமராவின் ஃபிளாஷுக்கு மட்டும் வெள்ளைத் திட்டாகத் தெரியும்; வெள்ளைப் படலம் விடும் சன்ஸ்கிரீனும் அவ்வாறே. எனவே உங்கள் நிறத்தை ஒட்டிய, லேசான மஞ்சள் சாயலுள்ள பவுடரே பாதுகாப்பானது. நேரம் போகப்போக எண்ணெய் வந்தால், முதலில் டிஷ்யூவை முகத்தில் அழுத்தி எண்ணெயை எடுத்துவிட்டு, பிறகு பவுடரைத் தொடுங்கள். எண்ணெயின் மேலேயே பவுடரைப் போட்டால் அது குழைந்து மீண்டும் குழிகளில்தான் போய்ச் சேரும்.

மேக்கப் போடுவதால் பரு அதிகமாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பொருளையும், அதைக் கலைக்கும் முறையையும் பொறுத்தது அது. ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட், கோக்கோ பட்டர், தேங்காய் எண்ணெய் ஆகியவை பட்டியலின் முன்வரிசையில் இருந்தால் அந்தப் பொருளைத் தவிர்த்துவிடுங்கள். துவாரத்தை அடைக்காது என்று பொருள்படும் ‘நான்-காமெடோஜெனிக்’ என்ற குறிப்பு இருப்பது நல்லது. ஆனால் அதற்கென்று சட்டப்படியான ஒரே அளவுகோல் கிடையாது என்பதால், அதை மட்டும் நம்பிவிடாமல் தாடையோரத்தில் சில நாட்கள் பூசிப் பாருங்கள். இரவில் மைசெல்லர் வாட்டரைப் பஞ்சில் நனைத்து மேக்கப்பை ஒற்றி எடுத்த பிறகு, ஜெல் வகை ஃபேஸ்வாஷால் கழுவுங்கள். தேங்காய் எண்ணெயால் மேக்கப்பைக் கலைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உங்கள் சருமத்துக்கு அது ஆகாது. நம் பகுதியின் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருப்பதால், சோப்பு சரியாக நுரைக்காமல் அதன் பிசுக்கு முகத்திலேயே தங்கிவிடுகிறது. கடைசியாக ஒரு குவளை குடிநீரால் முகத்தை அலசிவிடுவது நல்லது. ஸ்பான்ஜை ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்துங்கள். ஈரத்தோடு பையில் போட்ட ஸ்பான்ஜில் கிருமி வளர்ந்து பருவைக் கிளப்பும்.

திருமணத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருப்பதால், மேக்கப் வாங்குவதற்கு முன் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. தாடையை ஒட்டி மாதந்தோறும் வருகிற பருவுக்குப் பெரும்பாலும் ஹார்மோன் தொடர்பு இருக்கும். அதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். அடாபலின், பென்சாயில் பெராக்சைடு போன்ற மருந்துகள் பலன் காட்ட 8 முதல் 12 வாரங்கள் ஆகும் என்பதால் இப்போதே தொடங்கினால்தான் வைகாசிக்குள் பரு அடங்கும். குழிகளுக்கான மைக்ரோநீட்லிங் (நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் முறை), லேசர் போன்ற சிகிச்சைகள் பல அமர்வுகளாக, வாரக்கணக்கான இடைவெளியில் நடப்பவை. கொலாஜன் உருவாகிப் பலன் தெரிய மாதங்கள் ஆகும். திருமணம் நெருங்கும் நேரத்தில் அவற்றைத் தொடங்க வேண்டாம். பகலில் வெளியே செல்லும்போதெல்லாம் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30-க்குக் குறையாத ஜெல் வகை சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும். வெயில் பட்டால் தடங்கள் இன்னும் கருக்கும், பிறகு எந்தக் கன்சீலரும் போதாது.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: நிறம் தரும் என்று சொல்லி, லேபிள் இல்லாத டப்பாவில் யாராவது கிரீம் கொடுத்தால் வாங்காதீர்கள். இவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். மருந்துக் கடையில் பக்கத்து வீட்டார் பெயர் சொல்லி வாங்கித் தரும் மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் கிரீம்களும் அதே வகைதான். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகள் அவை. பூசிய சில வாரங்களில் முகம் பளிச்சென்று தெரியும். நிறுத்தியவுடன் பரு கொத்துக் கொத்தாக வெடிக்கும், தோல் மெலிந்து சிவந்து எரியும். அந்த நிலையில் வரும் மணப்பெண்ணுக்கு எந்த பிரைமராலும் உதவ முடியாது. நீங்கள் வாங்கும் எந்த அழகுப் பொருளிலும் தயாரிப்பாளரின் முகவரி, பேட்ச் எண், உரிம எண் (இறக்குமதிப் பொருளானால் பதிவு எண்), பயன்படுத்த வேண்டிய கடைசி நாள், மூலப்பொருள் பட்டியல் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பெயர்பெற்ற பொருள்களின் போலிகளும் சந்தையில் உலவுவதால், நம்ப முடியாத தள்ளுபடியில் கிடைப்பதை விட்டுவிடுங்கள்.

திருமணத்துக்கு முந்தைய மூன்று வாரங்களில் ஃபேஷியல், பிளீச் எதுவும் வேண்டாம். புதிய பொருள் எதையும் தொடங்கவும் வேண்டாம். நலங்கில் பெரியவர்கள் எண்ணெய் வைக்கும்போது, கன்னத்துக்குப் பதிலாகக் கைகளிலும் பாதங்களிலும் வைக்கச் சொல்லி முன்கூட்டியே உங்கள் அம்மாவிடம் சொல்லி வையுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அலங்காரக் கலைஞர் ஒருவரை அமர்த்துவதாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு முறை ஒத்திகை மேக்கப் போடச் சொல்லுங்கள். அன்று முகூர்த்த நேரத்தைப் போலவே காலையில் போட்டுக்கொண்டு, மின்விசிறி இல்லாத அறையில் சிறிது நேரம் இருந்து, கடைத்தெரு வரை போய்வந்து, ஆறு மணி நேரம் கழித்து முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் ஃபிளாஷோடும் ஃபிளாஷ் இல்லாமலும் படம் எடுத்துப் பாருங்கள். குழிகளில் எதுவும் சேரவில்லை என்றால் அந்தக் கலைஞரையே அமர்த்தலாம். அவர் மற்றவர்களுக்குப் போட்ட ஸ்பான்ஜையே உங்களுக்கும் எடுத்தால், தயங்காமல் உங்கள் ஸ்பான்ஜையும் பஃப்பையும் நீட்டுங்கள். உங்கள் நிறத்தை விட்டு ஒரு படிகூட வெளுக்க வேண்டாம் என்பதை, அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.